மக்காசார் எழுத்து

இந்தோனேசியாவில், சுலாவெசித் தீவின் தென்மேற்குக் கரையில், ஒரு காலத்தில் கிராம்பும் ஜாதிக்காயும் ஏற்றிச் சென்ற கப்பல்களால் உலகப் பிரசித்தி பெற்றிருந்த மக்காசார் என்னும் துறைமுக நகரத்தின் பெயர், 1970ஆம் ஆண்டில், வணிகத்தோடு யாதொரு சம்பந்தமுமில்லாத ஒரு பொருளுக்குச் சூட்டப்பட்டது. மனித ரத்தத்திற்குச் செந்நிறம் அளித்து, பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினில் காணப்பட்ட ஒரு சிறு மாறுபாடுதான் அந்தப் பொருள். மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையில், அரிவாளணு நோயாளியின் ஹீமோகுளோபின் எவ்வளவு தூரம் நகருமோ அவ்வளவு தூரமே அதுவும் நகர்ந்து, இரண்டும் ஒன்றே என்ற மயக்கத்தைப் பார்ப்பவருக்கு உண்டாக்கிற்று. ஆயினும் அதை உடையவர்களிடம் அந்நோயின் சாயல்கூட இல்லை. ரத்தவியல் நிபுணர் சிலர் மட்டுமே அறிந்த செய்தியாக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இருந்துவிட்ட அந்த மாறுபாட்டை, இன்று நோயுற்றவரின் அணுக்களுக்குள் மனிதர் தம் பிரயத்தனத்தாலேயே எழுதிப் பார்க்கிறார்கள். எழுதியது நிலைத்திருக்கவும் காண்கிறார்கள்.

அரிவாளணு நோயின் சரித்திரமே ஒற்றை எழுத்தின் சரித்திரம். கிரெனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் பயில வந்த ஓர் இளைஞரின் ரத்தத்தில், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் நீண்டு வளைந்து அரிவாள் வடிவில் கிடந்ததை ஜேம்ஸ் ஹெரிக் என்னும் மருத்துவர் 1910இல் எழுதி வெளியிட்டார். அது ஒரு மூலக்கூறின் நோய் என்று 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர் சகாக்களும் நிலைநாட்டினர். பின்னர் சில ஆண்டுகளில், கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம், 146 அமினோ அமிலங்கள் கோத்த பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்து உட்கார்ந்திருப்பதொன்றே இத்தனை துன்பத்துக்கும் காரணம் என்று காட்டினார். குளூட்டாமிக் அமிலம் நீரை விரும்புவது. வேலின் நீரை வெறுப்பது. பிராணவாயுவை இறக்கிவைத்த கணத்தில், அந்த வேலின் பக்கத்து மூலக்கூறில் தனக்கு இசைந்த ஒரு பள்ளத்தைக் கண்டு பற்றிக்கொள்ள, அது அடுத்ததைப் பற்ற, இவ்வாறு ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட மூலக்கூறுகள் விறைத்த இழைகளாகி அணுவையே வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும்போது எலும்பினுள் எழும் வேதனையை, அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு பத்திருபது நாளில் சிதைந்து போவதால் சோகை ஓயாமல் உடனிருக்கிறது. இவ்வளவும், மரபணுவில் குவானின், அடினின், குவானின் என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்தில் நடுவிலுள்ள அடினின் தைமினாக மாறியதன் பலன்.

ஓர் எழுத்தின் பிழையை ஓர் எழுத்தளவிலேயே திருத்த முடியாதா என்ற கேள்வி எளியது. அதற்கு விடை காண அறுபதாண்டுகள் ஆயின. 2012இல் ஜெனிபர் டவுட்னாவும் எமானுவேல் ஷார்பென்டியேவும், பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸை அறுத்தெறிய வைத்திருக்கும் காஸ்-9 என்னும் புரதத்தை, ஆர்.என்.ஏ. ஒன்றிலுள்ள இருபதெழுத்தின் வழிகாட்டுதலால், நாம் குறித்த இடத்துக்கே அனுப்பலாம் என்று காட்டியது மகத்தான கண்டுபிடிப்பு. அதற்கு 2020இல் நோபல் பரிசும் கிட்டியது. ஆனால் காஸ்-9 சென்ற இடத்தில் டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் சேர்த்தே வெட்டிவிடுகிறது. இரட்டை இழை அறுபடுவது உயிரணுவுக்குப் பேராபத்து. அது பதறி, கிடைத்த முனைகளை அவசரமாக ஒட்டுகிறது. ஒட்டும்போது சில எழுத்துகள் நழுவுகின்றன, சில புதிதாக நுழைகின்றன, சில வேளை குரோமோசோமின் பெரும்பகுதியே இடம் பெயர்ந்துவிடுகிறது. ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்ய இது போதும். ஆனால் ஓர் எழுத்துப் பிழைக்காக ஏட்டையே குறுக்கே கிழித்து ஒட்டுவது எங்ஙனம் திருத்தமாகும்?

ஹார்வர்டில் டேவிட் லியூவின் ஆய்வுக்கூடத்தில் அலெக்ஸிஸ் கோமோர் 2016இல் வெளியிட்ட மார்க்கம், வெட்டும் சக்தியைக் குறைத்துக்கொண்டதில்தான் பிறந்தது. அதே ஆண்டில் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தாரும் இதையொத்த வழியைக் கண்டனர். காஸ்-9இன் இரண்டு வெட்டுமுனைகளில் ஒன்று மழுங்கடிக்கப்படுகிறது. அதன் முதுகில், சைட்டோசினின் அமினோத் தொகுதியை மட்டும் நீக்கவல்ல ஒரு நொதி ஏற்றப்படுகிறது. குறித்த இடத்தில் காஸ்-9 அமர்ந்து இழைகளைப் பிரித்து நிற்கையில், வெளிப்பட்ட ஓரிழையின் நாலைந்து எழுத்துகள் மட்டும் அந்த நொதிக்கு எட்டுகின்றன. அங்குள்ள சைட்டோசின் யுராசிலாக மாறிவிடுகிறது. டி.என்.ஏ.யில் யுராசிலுக்கு இடமில்லை; கண்டவுடன் உயிரணு அதைக் களைந்துவிடும். அவ்வாறு களையாதபடி தடுக்க, பாக்டீரியாக்களைத் தொற்றும் ஒரு வைரஸிடமிருந்து கடன் வாங்கிய சிறு புரதம் கூடவே செல்கிறது. இதற்குமேல் செய்யப்படும் காரியம் மிகவும் சூட்சுமமானது. மழுங்காமல் விட்ட மற்றொரு முனை, திருத்தப்படாத எதிரிழையில் ஒரு சிறு கீறல் மட்டும் இடுகிறது. இரண்டு இழைகளும் பொருந்தாமலிருக்கக் கண்ட உயிரணு, கீறலுள்ள இழையே பழுதானது என்று முடிவு செய்து, மாற்றப்பட்ட எழுத்தை மூலமாக வைத்துக்கொண்டு கீறலுள்ளதைப் புதிதாக எழுதிக்கொள்கிறது. திருத்தத்தின் பாதியை நாம் செய்ய, மறுபாதியை உயிரணு தன் நெடுநாள் வழக்கப்படி தானே செய்து முடிக்கிறது. ஓர் உடலுக்குள் புகுந்து வேலை செய்ய நினைப்பவன் அவ்வுடலின் ஸ்வபாவத்துக்கு இவ்வளவு அடங்கி நடந்ததை இதற்குமுன் விஞ்ஞானத்தில் நான் கண்டதில்லை.

சைட்டோசின் தன் அமினோத் தொகுதியை இழப்பது ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடக்கும் அதிசயமன்று. நம் ஒவ்வோர் உயிரணுவிலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில், நீரின் ஸ்பரிசத்தாலேயே அது நிகழ்ந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலானவை உடனுக்குடன் செப்பனிடப்படுகின்றன. தப்பியவை தைமினாக நிலைத்து, தலைமுறைகளுக்கு இறங்குகின்றன. மனிதருக்கு நோய் தரும் ஓரெழுத்து மாற்றங்களுள் அறியப்பட்டவற்றில் ஏறத்தாழ பாதி இவ்வகையைச் சேர்ந்தவை. ஆகவே மிகவும் வேண்டியிருந்தது இதன் மறுதிசைத் திருத்தம். அதாவது எதிரிழையிலுள்ள அடினினைக் குவானினாக வாசிக்கச் செய்வது. ஆனால் டி.என்.ஏ.யில் அடினினை அவ்வாறு மாற்றும் நொதி சிருஷ்டியில் எங்குமே அறியப்பட்டிருக்கவில்லை.

இல்லாததை லியூவின் ஆய்வுக்கூடத்து நிக்கோல் கோடெல்லி உண்டாக்கினார். ஆர்.என்.ஏ.யில் மட்டும் அடினினை மாற்றும் ஒரு நொதி ஈ.கோலை என்னும் சாதாரணக் குடல் பாக்டீரியாவில் உண்டு. குளோராம்பெனிக்கால் மருந்தைத் தாங்கும் மரபணுவில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைப் பிழையாக்கி, அந்தப் பிழையைத் திருத்தினாலன்றி உயிர் பிழைக்க வழியில்லாத நிலையில் பாக்டீரியாக்களை நிறுத்தி, அந்நொதியின் எண்ணற்ற மாறுபட்ட வடிவங்களை அவற்றுக்குக் கொடுத்து, மருந்து கலந்த தட்டுகளில் பரப்பினார்கள். எந்த அணுவுக்குள் இருந்த நொதி டி.என்.ஏ.யின் அடினினைத் தொடக் கற்றுக்கொண்டதோ, அது மட்டும் ஒரு வெண்புள்ளியாகத் தட்டில் வளர்ந்தது. வளர்ந்ததை எடுத்து, மேலும் மாற்றி, மேலும் கடுமையான மருந்தில் இட்டு, சுற்றுச்சுற்றாக இதைத் தொடர்ந்ததன் முடிவில், 2017இல் புதிய நொதி ஒன்று உலகுக்கு வந்தது. அது அடினினை இனோசினாக மாற்றும். இனோசினை உயிரணு குவானின் என்றே படிக்கும்.

இந்த மார்க்கத்தின் எல்லை அரிவாளணு நோயிடத்திலேயே புலப்பட்டது என்பது விசித்திரம். இந்த இரு கருவிகளாலும் சைட்டோசினைத் தைமினாக்கலாம், அடினினைக் குவானினாக்கலாம், எதிரிழையில் வேலை செய்து இவற்றின் மறுபக்கங்களையும் பெறலாம். ஆனால் தைமினை அடினினாக மாற்ற முடியாது. அரிவாளணு நோயில் வேண்டுவதோ அதுவேதான். மிகச் சிறந்த உதாரணமாக விளங்க வேண்டிய நோய், கருவிக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

இங்கேதான் மக்காசார் துணைக்கு வந்தது. பிழையான தைமினுக்கு எதிரே நிற்கும் அடினினைக் குவானினாக மாற்றினால், குவானின், தைமின், குவானின் என்றிருப்பது குவானின், சைட்டோசின், குவானின் என்றாகிறது. வேலின் போய் அலனின் வருகிறது. இது நோயில்லாதவர் பெரும்பாலோரிடம் உள்ள எழுத்தன்று. ஆனால் நோயின் எழுத்துமன்று. 1970இல் பெயரிடப்பட்ட மக்காசார் ஹீமோகுளோபின் இதுவே. லியூவின் குழுவினரும் மெம்பிஸ் நகரத்து செயின்ட் ஜூட் மருத்துவமனையினரும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் ரத்தமூலக் குருத்தணுக்களில் இருந்த நோய் எழுத்துகளில் 80 சதவீதம் மக்காசார் எழுத்தாக மாறியிருந்தன. அந்த அணுக்களை எலிகளுக்குள் வைத்துப் பதினாறு வாரம் கழித்துப் பார்த்தபோதும் 68 சதவீதம் மக்காசார் எழுத்தாகவே இருந்தன.

நான் வெகுநேரம் நின்று சிந்தித்த இடம் இது. வியாதியைப் போக்குவது என்றால் இழந்த ஆதி நிலையை மீட்டுத் தருவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். மனித குலத்துக்குக் குற்றமற்ற ஒரே மூலபாடம் எங்கோ இருப்பதாகவும், நோயுற்றவர் அதிலிருந்து வழுவியவர் என்றும் ஓர் எண்ணம் நம் பேச்சின் அடியில் ஓடுகிறது. மக்காசார் அதை மறுக்கிறது. இங்கே நோயாளிக்கு அளிக்கப்படுவது எல்லாருக்கும் பொதுவான எழுத்தன்று. தொலைவிலுள்ள ஒரு தீவில், யாரும் கவனியாமல், ஒரு குறையுமின்றி வாழ்ந்த மனிதர் சிலரின் எழுத்து. அவர்கள் உடல் அந்த மாறுபாட்டைச் சோதித்து, அது தீங்கற்றது என்று நமக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. எந்த ஆய்வுக்கூடமும் சில மாதங்களில் பெற முடியாத சாட்சி அது.

இது தனி நிகழ்ச்சியுமன்று. கருவிலுள்ள சிசு தாயின் ரத்தத்திலிருந்து பிராணவாயுவைப் பெறுவதற்கென்று வேறொரு ஹீமோகுளோபினை வைத்திருக்கிறது. பிறந்த சில மாதங்களில் அதன் மரபணு அடங்கிவிடுகிறது. சிலரிடம் மட்டும், அம்மரபணுவின் முகப்பில் ஓர் எழுத்து மாறியிருப்பதால், அது வாழ்நாள் முழுவதும் விழித்தே இருக்கிறது. அத்தகையோர் அரிவாளணு எழுத்தைப் பெற்றிருந்தாலும் நோய் அவர்களை அதிகம் வாட்டுவதில்லை என்பதை மருத்துவர்கள் பல காலமாகக் கண்டுவந்திருக்கின்றனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தார் இந்த எழுத்துத் திருத்தக் கருவிகளைக் கொண்டே அந்த முகப்பு முழுவதையும் இடம் இடமாக மாற்றிப் பார்த்து, இயற்கையில் காணப்பட்டவற்றைப் போன்றே சிசு ஹீமோகுளோபினை எழுப்பக்கூடிய புதிய இடங்களை 2022இல் வெளியிட்டனர். நமக்கு இவ்வளவு அருகில் நடந்த இந்த வேலை தமிழ் வாசகர் பலருக்குத் தெரியாது. இருதய நோயிலும் இதே கதைதான். பி.சி.எஸ்.கே.9 என்னும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே செயலற்ற கறுப்பின அமெரிக்கர் சிலருக்கு மாரடைப்பு மிக அரிதாகவே வருகிறது என்று டல்லஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2006இல் காட்டினர். அந்நிலையைக் கல்லீரலில் ஓரெழுத்து மாற்றத்தால் உண்டாக்கும் மருந்து 2022இல் நியூசிலாந்தில் முதன்முதலாக ஒருவருக்குச் செலுத்தப்பட்டது. எவரோ ஒருவர் உடலில் இயல்பாக எழுதப்பட்டிருந்தது மற்றொருவருக்கு மருந்தாகிறது.

இழந்த எழுத்தையே திரும்பத் தரும் சந்தர்ப்பங்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் பிறந்து, புரதத்தைச் சீரணிக்கையில் உண்டாகும் அமோனியாவை வெளியேற்ற மாட்டாத அபூர்வக் குறையால் உயிருக்குப் போராடிய ஒரு குழந்தைக்கு, பிலடெல்பியாவில் ரெபெக்கா ஆரென்ஸ்-நிக்லஸும் கிரண் முசுனூருவும், அக்குழந்தைக்கு மட்டுமே பொருந்தும் ஒரு மருந்தை ஆறே மாதத்தில் செய்வித்து, 2025 பிப்ரவரியில் முதல் தவணையைச் செலுத்தினர். கொழுப்புத் துளிகளுக்குள் அடைத்து ரத்தத்தில் விட்ட கருவி கல்லீரலை அடைந்து, தைமினாகிப் போயிருந்த எழுத்தைச் சைட்டோசினாக மீட்டது. மூன்று தவணைக்குப் பின் அக்குழந்தை முன்னிலும் அதிகப் புரதத்தை உண்டு தாங்கிற்று; மாத்திரைகள் குறைந்தன; வீடு திரும்பிற்று.

இவ்வளவு சொன்னபின் இடையூறுகளை மறைப்பது நேர்மையாகாது. நாலைந்து எழுத்துகள் நொதிக்கு எட்டும் என்றேனே, அவற்றில் நாம் கருதாத அண்டை எழுத்தும் சில வேளை மாறிவிடுகிறது. தூரத்தில் அதையொத்த வேறிடத்திலும் கருவி அமரலாம். நியூசிலாந்தில் தொடங்கிய அந்த மருந்தின் முதல் வடிவம், சுமந்து சென்ற கொழுப்புத் துளிகளால் விளைந்ததாகக் கருதப்பட்ட கல்லீரல் மாறுதல்களின் காரணமாக, 2024இல் நிறுத்திவைக்கப்பட்டது. அரிவாளணு நோயிலோ, திருத்திய குருத்தணுக்களுக்கு இடம் உண்டாக்க, எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்கும் கொடிய மருந்தை முதலில் கொடுக்க வேண்டியிருக்கிறது. மகப்பேற்றுச் சக்தியைக் குலைக்கக்கூடிய அம்மருந்தின் விளைவாகச் சோதனையில் ஓர் உயிர் போயும் இருக்கிறது. எழுத்தை மாற்றுவது நுட்பமாகிவிட்டது. அதற்கு முந்திய காரியம் இன்னும் முரட்டுத்தனமாகவே இருக்கிறது.

பிறவாத கருவில் கைவைப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். சீனத்தின் ஷென்சென் நகரில் ஹெ ஜியான்குயி 2018இல் செய்ததும் ஒருவகையில் பிறர் எழுத்தைக் கடன் கொள்ளும் முயற்சியே. எய்ட்ஸ் கிருமி எளிதில் நுழைய முடியாதபடி ஐரோப்பியர் சிலரிடம் இயல்பாக அமைந்த ஒரு மாறுபாட்டைக் கருவில் உண்டாக்க அவர் விரும்பினார். அவர் கையாண்டது இழை இரண்டையும் வெட்டும் கருவி. விளைந்தது அந்த ஐரோப்பியர் மாறுபாடு அன்று, எந்த மனிதரும் வாழ்ந்து சாட்சி சொல்லாத வேறு மாறுபாடுகள். இரட்டைப் பெண் குழந்தைகள் அவற்றைச் சுமந்து பிறந்தனர். நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. நோயுற்று வந்து நிற்பவரிடம், அவர் சம்மதத்தோடு, பிறர் உடல் முன்பே சோதித்துத் தந்த எழுத்தை எழுதுவது வைத்தியம். கேட்க வழியில்லாத ஒரு ஜீவனிடம், யாரும் சோதியாததை எழுதுவது அக்கிரமம் என்றே நான் சொல்வேன். அரிவாளணு எழுத்தேகூட, ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்க்கு மலேரியாவிலிருந்து காப்பளிக்கிறது என்று அந்தனி அலிசன் 1954இல் காட்டியிருக்கையில், எது களையத் தக்கது என்று எல்லாக் காலத்துக்குமாகத் தீர்ப்பளிக்க எவருக்கு ஞானம் இருக்கிறது?

அந்த மலேரியாவின் வழியாகத்தான் இவ்விஷயம் நம் வாசலுக்கும் வருகிறது. இந்தியாவில் அரிவாளணு எழுத்து இருப்பதை உலகுக்கு முதலில் அறிவித்தவர்கள் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும், ஆண்டு 1952, ரத்தம் கொடுத்தவர்கள் நீலகிரியின் பழங்குடி மக்கள். இருளரும் குறும்பரும் பணியரும் அன்றுமுதல் எத்தனையோ ஆராய்ச்சிகளுக்குக் கையை நீட்டியிருக்கிறார்கள். கூடலூரிலுள்ள ஆதிவாசி மருத்துவமனையிலும் கோத்தகிரியிலும் அவர்களுக்கிடையே இந்நோயை நெடுநாளாகக் கவனித்து வருபவர்கள் இருக்கிறார்கள். 2047க்குள் நோயை ஒழிப்பது என்ற குறிக்கோளோடு மத்திய அரசு 2023இல் தொடங்கிய இயக்கம் ஏழு கோடிப் பேரைச் சோதிக்க முற்பட்டிருக்கிறது. சோதிப்பது அவசியம், ஆனால் சோதித்தபின் கொடுக்க என்ன இருக்கிறது? காஸ்-9 கொண்டு செய்யப்படும் முதல் அரிவாளணுச் சிகிச்சைக்கு 2023இல் அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். தேயிலைத் தோட்டக் கூலியில் பிழைக்கும் ஒரு பணியர் குடும்பத்தின் முன்னே அந்தத் தொகையை உச்சரிக்கவும் நாக் கூசும்.

மனிதரின் மாறுபாடுகளைப் படித்ததனால்தான் இந்த மருந்துகள் கிடைத்தன என்றால், படிக்கத் தந்தவர்களுக்கு அவற்றின்மீது உரிமை உண்டு. இது தர்மமாகக் கொடுப்பதன்று, கடனைத் தீர்ப்பது. சோதனைக் காலத்தின் அபாயத்தை மலைவாசிகளின் தலையில் முதலில் ஏற்றலாகாது. அவர்கள் கேட்டு, விளங்கி, மனமொப்பி வந்தாலன்றி அவர்களைத் தொடவும் கூடாது. ஆனால் பலன் உறுதிப்பட்டு, வேலூரிலோ டில்லியிலோ இந்த எழுத்துத் திருத்தம் சிகிச்சையாக வழங்கப்படும் நாளில், நீலகிரியிலிருந்து வரும் நோயாளி வரிசையின் கடைசியில் நிற்கக் கூடாது. பணமும் கேட்கக் கூடாது. இதை மருந்து வந்தபின் பேசிப் பயனில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆராய்ச்சியின் ஒப்பந்தத்திலும் இப்பொழுதே எழுதிவைக்க வேண்டும் என்று, மருத்துவர்களையும் சட்டசபை உறுப்பினர்களையும், இதைப் படிக்கும் உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.